கடைமடைச் சீமை: இராமநாதபுரத்தின் நீரும் மக்களும்

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்று மேலதிகாரி மிரட்டினால், அது எந்த மாவட்டம் என்று தமிழ்நாட்டு அரசு ஊழியர் எவரும் திருப்பிக் கேட்பதில்லை. இராமநாதபுரத்தின் மேல் அந்தப் பெயர் அவ்வளவு அழுத்தமாக ஒட்டிக்கொண்டுவிட்டது. மழைக் கணக்கு மட்டும் அந்தப் பெயரோடு முழுமையாக ஒத்துப்போவதில்லை. மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 820 மில்லிமீட்டர். கோயம்புத்தூர் மாவட்டத்தின் சராசரி இதைவிடக் குறைவு; ஆனால் கோவையை யாரும் தண்ணீரில்லாக் காடு என்று சொல்வதில்லை. ஆகவே இராமநாதபுரத்தின் வறட்சியை மழைக் குறைவு என்ற ஒரே காரணத்தால் விளக்கிவிட முடியாது. தண்ணீர் எந்த மாதத்தில் வருகிறது, எந்த நிலத்தின்மேல் விழுகிறது, யார் யாருக்குப் பிறகு இங்கே வந்து சேர்கிறது, வந்ததைப் பிடித்துவைக்கும் பொறுப்பு யார் கையில் இருந்தது என்பவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் இந்த மாவட்டத்தின் வரலாறும் சமூகமும் ஓரளவு பிடிபடுகின்றன.

முதலில் நிலம். ஏறத்தாழ 4,100 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இம்மாவட்டத்தில் சொல்லிக்கொள்ளும்படியான மலை எதுவும் இல்லை. மேற்கிலிருந்து கிழக்கும் தென்கிழக்குமாகக் கடலை நோக்கி மிக மெதுவாகச் சரியும் ஒரு தட்டை நிலம் இது. கமுதி, முதுகுளத்தூர் பக்கம் கரிசல். வைகைக் கரையோரம் வண்டல். சாயல்குடியிலிருந்து கீழக்கரை வழியாக மண்டபம் வரையிலும், அங்கிருந்து வடக்கே தொண்டி வரையிலும் மணலும் உவர் நிலமும். தமிழ்நாட்டுக் கடற்கரையின் மொத்த நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்த ஒரே மாவட்டத்துக்குள் அடங்குகிறது. தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணை, இரண்டையும் பிரித்துக்கொண்டு கடலுக்குள் நீளும் மண்டபமும் அதற்கப்பால் பாம்பன் தீவும் என வரைபடத்தில் இதன் உருவம் தனித்துத் தெரியும்.

மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மீதி ஒன்பது மாதமும் அந்தச் சில நாள் மழையை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். கோவைக்கும் இதற்குமான அடிப்படை வேறுபாடு இங்கேதான் வருகிறது. கோவை விவசாயி மழை குறைந்தபோது கிணறு வெட்டினார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் அந்தக் கிணறுகளில் மோட்டார் இறங்கியது. பருத்தியும் ஆலையும் பின்தொடர்ந்தன. இராமநாதபுரத்தில் வெட்டினால் பெரும்பாலான இடங்களில் உப்புத் தண்ணீர்தான் ஊறும். ஆழ்துளைக் கிணறும் பம்புசெட்டும் இலவச மின்சாரமும் தமிழக வேளாண்மையைப் புரட்டிப்போட்ட காலத்தில், அந்த மாற்றத்தில் இந்த மாவட்டம் பெரிதாகப் பங்குபெறாமல் போனதற்கு விவசாயியின் சோம்பலோ அறியாமையோ காரணமில்லை. நிலத்தடி நீரின் உவர்ப்பே காரணம். மேலே விழுவதையும் மேற்கிலிருந்து வருவதையும் தேக்கிவைப்பதைத் தவிர இங்கே வேறு வழி இருந்ததில்லை.

அந்தத் தேக்கும் கலைதான் கண்மாய். இராமநாதபுரம் மாவட்டத்தின் மேல் வானத்திலிருந்து பார்த்தால், பிறைநிலா வடிவில் வளைந்த கரைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பது தெரியும். சரிவின் மேல்பக்கம் திறந்திருக்கும். கீழ்ப்பக்கம் மண்கரை அணைத்து நிற்கும். வரத்துக் கால்வாய் வழியாக வரும் நீர் கரைக்கு உட்புறமான உள்வாயில் பரவி, மடை வழியாகக் கரைக்கு வெளிப்புறமான புறவாயிலுள்ள வயல்களுக்குப் பாயும். கண்மாய் நிரம்பினால் மிகுதி நீர் கலுங்கு எனப்படும் வடிகால் தளத்தின் வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். ஒரு கண்மாயின் கழிவு அடுத்த கண்மாயின் வரத்து என்பதால், எந்த ஊரும் தன் தண்ணீரைத் தனக்கு மட்டும் உரியது என்று கருத முடியாது. ஏந்தல், வயல், குளம், ஊரணி என்று முடியும் ஊர்ப் பெயர்கள் இங்கே ஏராளமாக இருப்பதில் வியப்பில்லை.

இந்த ஏற்பாட்டின் நுட்பமும் அதில் உறைந்திருக்கும் சண்டையும் கலுங்கில் நன்றாகத் தெரியும். பழைய கலுங்குகளின் தளத்தில் வரிசையாகக் கற்கள் நடப்பட்டிருக்கும். பருவம் முடியப்போகும் தறுவாயில், இனி பெருமழை வராது என்று தெரிந்தபின், அந்தக் கற்களுக்கு இடையே வைக்கோலும் மண்ணும் அடைத்து நீர்மட்டத்தை ஓரிரு அடி உயர்த்திக்கொள்வார்கள். எப்போது அடைக்கலாம், எவ்வளவு உயரம் அடைக்கலாம் என்பதில்தான் தகராறு. சீக்கிரம் அடைத்தால் கீழூர்க்காரருக்கு மறுகால் தண்ணீர் போகாது. அதிகம் அடைத்தால் உள்வாயின் மேல்விளிம்பில் நிலம் வைத்திருப்பவரின் பயிர் மூழ்கும். அடைத்த பிறகு எதிர்பாராமல் மழை கொட்டினால் கரையே உடையும். ஓரடி மண்ணுக்காக ஊர்களுக்கு இடையே வழக்குகள் தலைமுறை தாண்டி நடந்த கதைகளை இந்தப் பகுதியில் பரவலாகக் கேட்கலாம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை வெட்டிவம்பு என்று நினைப்பதுண்டு. ஒரு போக நெல்லையே நம்பியிருக்கும் ஊரில் அந்த ஓரடி மண் ஓராண்டுச் சாப்பாட்டுக்குச் சமம் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

மடையைத் திறந்து மூடவும், வயல்வயலாக நீர் பாய்ச்சவும், கரையில் ஓட்டை விழுந்தால் இரவோடு இரவாக ஆள் திரட்டவும் ஊர்தோறும் நீர்ப்பாய்ச்சிகள் இருந்தார்கள். மடைக்குடும்பன் என்ற பெயரும் உண்டு. பெரும்பாலும் இன்று தேவேந்திரகுல வேளாளர் என அழைக்கப்படும் பள்ளர் சமூகத்தைச் சேர்ந்த இவர்களுக்குக் கூலி களத்துமேட்டில் நெல்லாகவே அளக்கப்பட்டது. நீரை ஆள்வோர் ஒரு சாதி, நீரைப் பங்கிடும் உழைப்பு இன்னொரு சாதி என்ற இந்த அமைப்பைப் பழங்கால ஊர்க் கூட்டுறவின் பொற்காலம் என்று புகழ்வோர் உண்டு. கரை மராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்ற குடிமராமத்து முறையும் அந்தப் புகழ்ச்சியில் சேர்க்கப்படும். கரைகள் உண்மையாகவே பராமரிக்கப்பட்டன என்பதை மறுக்க முடியாது. யாருடைய முதுகில் மண்கூடை ஏறியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மாவட்டத்தின் மிகப் பெரிய நீர்நிலைகளில் ஒன்றான இராஜசிங்கமங்கலம் கண்மாயைப் பற்றி "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்ற சொலவடை வழங்குகிறது. நாரையாலும் ஒரே மூச்சில் கடக்க முடியாத நீளக் கரை என்பது அதன் பெருமை. இராமநாதபுரம் நகரை ஒட்டிய பெரிய கண்மாய்தான் வைகையின் ஏறத்தாழக் கடைசி நிலையம். தேனி மாவட்டத்து மலைகளில் பிறந்து ஏறத்தாழ 258 கிலோமீட்டர் ஓடிவரும் வைகை, வழியெல்லாம் கால்வாய்களுக்கும் கண்மாய்களுக்கும் பிரிந்து, கடைசியில் இந்தக் கண்மாய்க்குள் அடங்குகிறது. பெருவெள்ளக் காலத்தில் மட்டுமே மிச்சம் ஆற்றங்கரை என்ற ஊருக்கருகே பாக் நீரிணையில் கலக்கிறது. கடலுக்குத் தண்ணீர் கொடுக்காத ஆறு என்று பழம்புலவர்கள் வைகையைப் பாடியது பொருத்தமே. தெற்கே குண்டாறு கமுதி வட்டாரத்தை நனைக்கிறது, அதுவும் மழைக்கால ஆறுதான்.

வைகையின் பழைய ஆயக்கட்டுக்கான, அதாவது பாசன நிலங்களுக்கான, பங்கீட்டில் 12 பங்கில் இராமநாதபுரத்துக்கு 7, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2 என்பது கணக்கு. கணக்கில் பெரிய பங்கு பாசனத்தின் கடைசி முனையில் இருக்கும் கடைமடைக்காரருக்குத்தான். ஆனால் ஆறு ஓடும் திசையில் முதலில் இருப்பவர்கள் மற்றவர்கள். 1959இல் வைகை அணை திறக்கப்பட்டபின், பழைய காலத்து வெள்ளம்போல் தானாக வந்து சேராமல், திறந்துவிட்டால் வரும் நீராக வைகை மாறியது. திறக்கும் தேதியும் அளவும் போராட்டத்தின் பொருளாயின. மணலள்ளிப் பள்ளமாகிப்போன ஆற்றுப்படுகை கால்வாய்த் தலைமட்டத்தைவிடத் தாழ்ந்துவிட்ட இடங்களில், திறந்துவிட்ட தண்ணீரும் கால்வாயில் ஏற மறுக்கிறது.

இந்தப் பங்கீட்டுக் கதைக்குள் ஒரு பழைய முரணும் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மேற்கு நோக்கிப் பாயும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பி வைகையில் சேர்க்கலாம் என்ற எண்ணம், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதியின் பிரதானியாக (தலைமை அமைச்சராக) இருந்த முத்திருளப்ப பிள்ளையிடம் தோன்றியதாகப் பதிவுகள் கூறுகின்றன. செலவு தாளாது என்று அது கைவிடப்பட்டது. நூறாண்டு கழித்து பென்னிகுயிக் தலைமையில் 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டபோது, முதன்மைப் பாசனப் பயன் மதுரைச் சுற்றுவட்டாரத்துக்குப் போனது. யோசனை தோன்றிய சீமை தன் கண்மாய்களோடேயே நின்றது.

சேதுபதிகளின் அரசு உருவானதும் இந்தக் கடைமடை நிலத்தில்தான். இராமேசுவரத்துக்குச் செல்லும் யாத்திரிகர்களின் வழியைக் காக்கும் பொறுப்போடு, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சடைக்கன் சேதுபதியை மதுரை நாயக்கர் அரசு மறவர் சீமையின் தலைவராக ஏற்றுக்கொண்டது. 1670களிலிருந்து 1710 வரை ஆண்ட கிழவன் சேதுபதி, தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றிக் கோட்டை கட்டினார். சுவரோவியங்களுக்குப் பேர்போன இராமலிங்க விலாசம் அரண்மனை இன்றும் அங்கே நிற்கிறது. அதே கிழவன் சேதுபதி காலத்தில்தான் 1693இல் அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ பாதிரியார் ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். அதே காலத்தில்தான் கீழக்கரையின் கப்பல் வணிகர் சீதக்காதி அரசவையில் பெருமதிப்போடு விளங்கினார். ஓர் அரசரின் ஆட்சிக்குள் இவ்விரண்டும் நடந்ததைப் பார்க்கும்போது, அந்த அரசை மத வெறி கொண்டது என்றோ மத நல்லிணக்கத்தின் உருவம் என்றோ ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவது சரியாகாது. அரசுக்குக் கடல் வணிகம் தேவைப்பட்டது. அரச குடும்பத்துக்குள் நுழைந்த மதமாற்றம் அதற்கு அச்சுறுத்தலாகப்பட்டது.

கடற்கரையின் கதை சேதுபதிகளுக்கும் மிக முந்தையது. வைகை முகத்துவாரத்துக்கருகே உள்ள அழகன்குளத்தில் 1980களின் பிற்பகுதியிலிருந்து மாநிலத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் ரோமானிய நாணயங்களும், மத்தியதரைக்கடல் பகுதியின் மதுச் சாடித் துண்டுகளும், கப்பல் உருவம் கீறப்பட்ட பானை ஓடும் கிடைத்தன. பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள் பெருமளவில் கிடைத்தன. கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் ஆகியவை முத்து, சங்கு, துணி, அரிசி, குதிரை என்று காலத்துக்குக் காலம் சரக்கு மாறினாலும் கடல்வழி வணிகத்தைக் கைவிட்டதில்லை. கீழக்கரையின் பழைய ஜும்ஆ பள்ளிவாசலின் கல்தூண்களும் கபோதங்களும் பாண்டிய நாட்டுக் கோயில் மண்டபத்தின் கட்டடக்கலையிலேயே அமைந்தவை. மாவட்ட மக்கள்தொகையில் ஏறத்தாழ 15 விழுக்காடு முஸ்லிம்கள் என்பது மாநிலச் சராசரியைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதன் வேர் இந்த வணிகத் துறைகளில் இருக்கிறது. உள்நாட்டு ஊர்கள் மேற்கே ஆற்றைப் பார்த்துக் காத்திருக்க, கடற்கரை ஊர்கள் கிழக்கே கடலைப் பார்த்துப் பிழைத்தன. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு பொருளாதாரங்கள் இப்படி முதுகோடு முதுகாக வாழ்ந்துவந்திருக்கின்றன.

கிழக்கிந்தியக் கம்பெனி 1772இல் இராமநாதபுரம் கோட்டையைக் கைப்பற்றியதும், மீண்டும் அரியணையேறிய முத்துராமலிங்க சேதுபதியை 1795இல் பதவி நீக்கிச் சிறைவைத்ததும், 1803இல் மங்களேசுவரி நாச்சியார் பெயரில் சீமையை நிரந்தர ஜமீனாக்கியதும் அடுத்தடுத்து நடந்தன. இதில் கண்மாய்களுக்கு நேர்ந்ததுதான் நீண்டகால விளைவு. அரசராக இருந்தவரை, கண்மாய் வெட்டுவதும் செப்பனிடுவதும் சேதுபதிக்குப் புகழும் படைபலமும் தரும் செயல்கள். ஜமீன்தாரான பிறகு, கம்பெனிக்குக் கட்ட வேண்டிய நிலையான பேஷ்குஷ் தொகையும் குடும்ப வழக்குச் செலவும் கடனும்தான் முன்னுக்கு நின்றன. இராமநாதபுரம் ஜமீனின் வாரிசு வழக்குகள் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனவை. விளைச்சலில் பங்கு வாங்கும் ஜமீன், அந்த விளைச்சலுக்கு ஆதாரமான கரைக்குச் செலவழிக்கத் தயங்கியது. குத்தகைதாரர்களோ மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் முடிந்த மட்டும் கறந்துவிடப் பார்த்தார்கள். தூர் படிந்து படிந்து கண்மாய்கள் ஆழம் குறைந்தன. அரசின் நேரடி ஆட்சியிலிருந்த ரயத்துவாரிப் பகுதிகளோடு ஒப்பிடுகையில், ஜமீன் பகுதிக் கண்மாய்கள் மோசமான நிலையில் 1949இல் அரசின் கைக்கு வந்தன.

இதே ஜமீனின் வாரிசான பாஸ்கர சேதுபதிதான் விவேகானந்தரை 1893இல் சிகாகோ செல்லத் தூண்டி உதவியவர், 1897 ஜனவரியில் திரும்பி வந்தவரைப் பாம்பனில் வரவேற்றவர். அதே 1897இல் அவரது பராமரிப்பிலிருந்த கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்து அவரே வழக்குத் தொடுத்தார். 1908இல் பிரிவி கவுன்சில் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. பனையேறிகளாக இருந்து வணிகத்தில் முன்னேறிய ஒரு சமூகம் தன் பணத்துக்கேற்ற மரியாதையைக் கேட்டதும், நிலத்தின் பழைய அதிகாரம் அதை மறுத்ததும்தான் அந்த வழக்கின் சாரம்.

அரை நூற்றாண்டுக்குப் பின் முதுகுளத்தூரில் வெடித்தது இன்னும் கொடியது. 1957இல் நடந்த இடைத்தேர்தலையொட்டி மறவர்களுக்கும் தேவேந்திரர்களுக்கும் இடையே பகைமை முற்றியது. செப்டம்பர் 10ஆம் தேதி அமைதிக் கூட்டத்தில் கலந்துகொண்ட தேவேந்திரர் தலைவர் இம்மானுவேல் சேகரன், மறுநாள் பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். தொடர்ந்த கலவரத்தில் ஊர்கள் எரிந்தன. கீழத்தூவலில் காவல்துறை ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றது. கைது செய்யப்பட்ட மறவர் தலைவர் முத்துராமலிங்கத் தேவர் பின்னர் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கொடுமையை அனுபவித்த ஒரு சமூகமும், அதன் நிலத்தில் உழைத்து, பிறகு படிப்பாலும் பட்டாளத்து வேலையாலும் தலை நிமிர்ந்த மற்றொரு சமூகமும் மோதிக்கொண்டதை வெறும் "சாதிச் சண்டை" என்று ஒதுக்கிவிட முடியாது. வளங்கள் சுருங்கிக்கொண்டே போன ஒரு நிலத்தில், மடையிலும் களத்திலும் குனிந்து நின்றவர்கள் இனிக் குனிய மாட்டோம் என்றபோது எழுந்த வன்முறை அது. இன்றும் இம்மானுவேல் நினைவு நாளான செப்டம்பர் 11இல் பரமக்குடியிலும், தேவர் குருபூஜை நாளான அக்டோபர் 30இல் பசும்பொன்னிலும் மாவட்டம் காவல்துறை முகாமாக மாறுகிறது. 2011 செப்டம்பர் 11இல் பரமக்குடியில் நடந்த துப்பாக்கிச் சூடு, அந்தப் பழைய காயத்தின் மேலேயே விழுந்தது.

விளையாத ஆண்டுகளில் ஊரைவிட்டுப் போவது இங்கே மிகப் பழைய வழக்கம். கீதாரிகள் ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு தஞ்சைப் பகுதிக்குப் போய், அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டு, உரத்துக்கான கூலியை வாங்கிக்கொண்டு மழைக்கு ஊர் திரும்புவார்கள். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பகுதி மக்கள் பெருந்தொகையினர். அவர்களை நிறுத்திப் பரிசோதித்து அனுப்பிய மண்டபம் முகாமே, 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி திரும்பியவர்களையும், 1983க்குப் பின் போருக்குத் தப்பி வந்தவர்களையும் வரவேற்ற இடமானது. தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி அழைத்துப்போன பாதையில் பேரப்பிள்ளைகள் அகதிகளாகத் திரும்பி வந்தார்கள். பிற்காலத்தில் மலேசியாவும் வளைகுடா நாடுகளும் அந்த இடத்தைப் பிடித்தன.

1914இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் சேர்ந்து சென்னையையும் கொழும்பையும் ஒரே பயணச்சீட்டில் இணைத்த காலம் ஐம்பதாண்டுதான் நீடித்தது. 1964 டிசம்பர் 22 இரவில் வீசிய புயல், பாம்பனிலிருந்து போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயிலையும் தனுஷ்கோடி ஊரையும் சேர்த்துக் கடலுக்குள் இழுத்துக்கொண்டது. சாலைப் பாலம் 1988இலும், செங்குத்தாக உயரும் நடுப்பகுதி கொண்ட புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரலிலும் வந்தன. இவற்றால் இராமேசுவரம் வளர்ந்தது. யாத்திரிகர் கூட்டமும் விடுதிகளும் தீவோடு நின்றுவிடுவதால், முதுகுளத்தூர்க்காரருக்கு அதில் கிடைப்பது ஓட்டல் வேலைதான்.

கடலை நம்பியவர்களின் நெருக்கடி வேறு வகை. 1974 ஒப்பந்தத்தில் கச்சத்தீவு இலங்கைக்குப் போனதும், விசைப்படகுகளும் இழுவை மடிகளும் பெருகிப் பாக் நீரிணையின் நம் பக்கத்து மீன்வளத்தைச் சுரண்டித் தீர்த்ததும் சேர்ந்து, இராமேசுவரம் மீனவரை எல்லை தாண்ட வைக்கின்றன. மறுகரையில் போருக்குப் பின் மீண்டெழ முயலும் யாழ்ப்பாணம், மன்னார்ச் சிறு மீனவர்களின் வலைகளை அதே இழுவை மடிகள் அறுக்கின்றன என்பதை இங்குள்ள அரசியல் மேடைகள் பேசுவதில்லை. தெற்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், அங்கே பாசி எடுத்துவந்த பெண்கள் சட்டத்துக்குப் புறம்பானவர்களாக ஆக்கப்பட்டார்கள். சேலைக்கு மேல் சட்டை அணிந்து, கண்ணாடி மாட்டி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றி, காலில் தகடோ ரப்பரோ கட்டிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாசியைக் கையால் பறித்து இடுப்புப் பையில் சேர்க்கிற வேலை அது. பவளப் பாறையைக் காப்பது அவசியம்தான். டைனமைட்டும் இழுவை மடியும் செய்த சேதத்தோடு இந்தக் கைப்பறிப்பை ஒரே தட்டில் வைத்ததுதான் நியாயமில்லாதது.

உள்நாட்டுக்குத் திரும்பினால், இன்று மாவட்டத்தின் நிறத்தையே மாற்றியிருப்பது சீமைக் கருவேலம். ஊர்க்காரர்கள் வேலிக்கருவை என்பார்கள். விறகுப் பஞ்சத்துக்கு மருந்தாகப் பரப்பப்பட்ட இந்த மரம், தரிசில் தொடங்கி, கண்மாய் உள்வாய், வரத்துக் கால்வாய், கரை என எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. அதை வில்லனாக்குவது எளிது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே அதை வேரோடு அகற்ற உத்தரவிட்டது. ஆனால் விளைச்சல் பொய்த்த ஊர்களில் அடுப்பெரித்ததும் கூலி கொடுத்ததும் அதே மரம்தான். வெட்டிய கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே இலைதழையும் வைக்கோலும் பரப்பி, சேற்றால் பூசி, உச்சியில் நெருப்பிட்டுக் கரிமூட்டம் போடுவார்கள். காற்று அதிகம் புகுந்தால் கட்டை சாம்பலாகிவிடும், குறைந்தால் வேகாமல் நிற்கும். ஆகவே புகையின் நிறத்தைப் பார்த்துத் துளைகளைத் திறந்தும் மூடியும் இரவு பகலாகப் பல நாள் காவல் இருக்க வேண்டும். கருவேலம் கண்மாய்ப் பாழ்பட்டதன் காரணம் என்பதைவிட, கண்மாயை யாரும் கவனிக்காமல் விட்டதன் விளைவு என்பதே எனக்குச் சரியாகப்படுகிறது. மாற்று வருமானம் இல்லாமல் மரத்தை மட்டும் பிடுங்கிய இடங்களில் அது இரண்டு மழைக்குள் திரும்ப முளைத்துவிடுகிறது.

வேளாண்மை அறவே அழிந்துவிடவும் இல்லை. ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பாக நெல்லைத் தூவிவிட்டு மழைக்குக் காத்திருப்பது இங்குள்ள வழக்கம். சித்திரைக்கார் போன்ற பழைய சிவப்பு நெல் ரகங்கள் இந்த வறட்சிக்குப் பழகியவை. மழைக்குப்பின் மண்ணில் தங்கும் ஈரத்தில் வளரும் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டையாக, தடித்த தோலோடு, கருஞ்சிவப்பாக இருக்கும் அந்த வற்றலை மாசி முதல் சித்திரை வரை களங்களில் காயப்போட்டிருப்பதை பரமக்குடி, முதுகுளத்தூர்ச் சாலைகளில் காணலாம். காய்கிற நேரத்தில் ஒரு கோடை மழை வந்தால் நிறம் போய்விடும், நிறம் போனால் விலையும் போய்விடும். அக்டோபரில் எதிர்பார்த்துக் கிடக்கும் அதே மழையை மார்ச்சில் சபிக்க வேண்டியிருப்பது இந்தப் பயிரின் விசித்திரம்.

குடிநீரின் கதை தனி. பாசனத்துக்குக் கண்மாய் என்றால் குடிக்க ஊரணி. அதில் குளிக்கவோ மாட்டை இறக்கவோ கூடாது என்ற கட்டுப்பாடு ஊர்களில் கடுமையாக இருந்தது. ஊரணிகள் கெட்டபின், நான்கைந்து குடங்கள் கொள்ளும் சின்னத் தள்ளுவண்டிகளோடு பெண்கள் ஊற்று தேடிப் போவது கடலாடி, சாயல்குடி வட்டாரத்தின் அன்றாடமாயிற்று. நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. திருச்சிப் பக்கமிருந்து காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. குழாய் வந்த ஊரில் ஊரணியைப் பார்ப்பார் இல்லை; குழாயின் கடைசியில் இருக்கும் ஊருக்குத் தண்ணீர் வராத நாளில் ஊரணியும் இல்லை.

வெயில் மட்டும் குறைவில்லாத இந்த மண்ணில், கமுதி அருகே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016இல் இயங்கத் தொடங்கியது. அப்போது உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்றாகப் பேசப்பட்டது. 2018இல் இந்திய அரசு பின்தங்கிய நிலையிலிருந்து முன்னேறத் துடிக்கும் மாவட்டங்களின் பட்டியலில் இராமநாதபுரத்தைச் சேர்த்தது. சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் ஆகிய கண்மாய்கள் 2022இலும், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் ஆகியவை 2025இலும் பன்னாட்டு ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. நான்குமே பாசனக் கண்மாய்கள். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டுவதற்கு உள்வாயில் தண்ணீரும் மரமும் வேண்டும். பறவைகளுக்கான நிதியால் வரத்துக் கால்வாய் தூர்வாரப்பட்டால் விவசாயிக்கும் இலாபம்தான்.

எதிர்பார்ப்பு முழுவதும் இப்போது காவிரி–வைகை–குண்டாறு இணைப்பின் மேல் இருக்கிறது. கரூர் மாவட்டத்து மாயனூரில் தொடங்கி ஏறத்தாழ 260 கிலோமீட்டர் நீளும் கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. காவிரியில் வெள்ளம் புரளும் நாட்களின் உபரி நீரை மட்டுமே அது கொண்டுவரும். கரூர், திருச்சி, புதுக்கோட்டை, சிவகங்கை, விருதுநகர் ஆகியவற்றைக் கடந்த பிறகே இராமநாதபுரத்துக்கு வரும். இந்தத் திட்டத்திலும் மாவட்டம் கடைசி மடையில்தான் நிற்கிறது. காவிரி பெருகும் அதே ஓரிரு வாரங்களில் வந்து சேரும் நீரைப் பிடித்துவைக்க, 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுள்ள கண்மாய்களைக் கையில் வைத்திருக்கும் நீர்வளத் துறையும், அதற்குக் குறைந்தவற்றை வைத்திருக்கும் ஊராட்சி ஒன்றியங்களும் ஒரே தொடரின் மேல்கண்மாயையும் கீழ்கண்மாயையும் தனித்தனியே தூர்வாருவதை நிறுத்தியாக வேண்டும். மேல்கண்மாய் கலுங்கிலிருந்து கீழ்கண்மாய் வரை செல்லும் வரத்துக் கால்வாய் பல இடங்களில் பட்டா நிலமாகவும் வீட்டுமனையாகவும் மாறிக் கிடக்கிறது. அதை அளந்து மீட்கும் வேலை எந்தத் துறையின் ஆண்டுத் திட்டத்திலும் முதல் வரியில் வருவதில்லை.